பங்காளிகள் கூடும் வட்டம்: பேகன், மேஜிக் படிப்பு வட்டம் ஒன்றின் மதிப்புரை

கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் போற்றும் பேகன் நெறிகளைப் பின்பற்றுபவர்களையும், மேஜிக் எனப்படும் மாந்திரீகம் பயில்பவர்களையும் சேர்த்து அமர்த்திப் பதின்மூன்று வாரங்கள் நடத்தப்படும் இணையவழிப் படிப்பு வட்டம் ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிடாமல் முடித்திருக்கிறேன். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரக் காணொளிச் சந்திப்பு, மற்ற நாட்களில் பேசிக்கொள்ள நான்கு உரையாடல் அறைகள், வாசிப்புத் தொகுப்பு, கைப்பேசிக்கு வரும் பண்டிகை நினைவூட்டல்கள், தொடக்கத்தில் அஞ்சலில் வந்து சேரும் வரவேற்புப் பெட்டி ஆகியவை அந்தக் கட்டணத்துக்குள் அடங்கும். நடத்துபவர்களின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அவர்கள் செய்த பிழைகள் சிலவற்றை விரிவாகச் சொல்லவிருக்கிறேன். இதே போன்ற வட்டம் நடத்தும் வேறு பலரும் அதே பிழைகளைச் செய்யக்கூடியவர்கள் என்பதால், ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது.

பாடத்திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. வாசிப்புத் தொகுப்பைத் தேர்ந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். குறை முழுவதும், வெவ்வேறு நெறிகளில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசவேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே யோசிக்காமல் விட்டதில்தான் இருக்கிறது. முப்பது சொச்சம் பேர் கொண்ட வட்டத்தில் ஆறாவது வாரத்துக்குள் ஐந்து பேர் விலகிப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பாடம் பிடிக்காமல் போகவில்லை.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இடையில் ஏன் இத்தனை உரசல் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. முன்பின் அறியாதவர்களுக்குள் வரும் சண்டையாக இருந்தால் எளிதில் தீர்ந்துவிடும்; இது பங்காளிச் சண்டை. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்னும் சங்கம் சடங்கு மாந்திரீகத்தின் முறைகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியது. அதில் பயின்று வெளியேறிய அலெய்ஸ்டர் குரோலி, மேடை வித்தையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக மேஜிக் என்ற ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் ‘கே’ என்ற எழுத்தைச் சேர்த்து எழுதினார். இன்றும் அந்த ஓர் எழுத்தை வைத்தே எழுதுபவர் எந்தப் பக்கத்தவர் என்று ஊகித்துவிடுகிறார்கள். பேகன் நெறிகளில் ஒன்றான விக்காவைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த ஜெரால்டு கார்ட்னர், 1947-இல், குரோலி இறந்த அதே ஆண்டில், அவரை நேரில் சந்தித்தவர். 1951-இல் பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டபின் 1954-இல் கார்ட்னர் தம் நெறியைப் பற்றி நூல் எழுதினார். 1953-இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே, சடங்கு ஏட்டில் குரோலியின் வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிட்டுத் தம் சொந்த வரிகளால் நிரப்பினார். ஆகவே வட்டம் வரைவதும், நான்கு திசைகளை அழைப்பதும், கத்தியும் கிண்ணமும் வைத்திருப்பதும் இரு வீட்டிலும் உண்டு. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீடுகளில் ஒரே மாதிரிக் குத்துவிளக்கு இருப்பதைப் போன்றது இது. எந்த விளக்கு யாருடையது என்பதில்தான் தகராறு வரும்.

முதல் சந்திப்பிலேயே பெரிய பிழை ஒன்று நேர்ந்தது. காணொளி திறந்ததும் ஒவ்வொருவரின் சதுரத்துக்கும் கீழே அவரவர் பெயர் தெரிந்தது. கட்டணம் செலுத்தியபோது வங்கி அட்டையில் இருந்த முழுப் பெயரை மென்பொருள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. இந்தச் சமூகங்களில் தீட்சைப் பெயரோ சடங்குப் பெயரோ வைத்துக்கொள்வது வெறும் ஆசைக்காக மட்டும் நடப்பதில்லை. பிள்ளைகளின் பராமரிப்பு வழக்குகளில் எதிர்த்தரப்பினர் இதை ஆயுதமாக எடுப்பார்கள் என்றும், வேலை போய்விடும் என்றும் அஞ்சி வாழ்ந்தவர்கள் இவர்களிடையே ஏராளம். அமெரிக்காவில் இறந்துபோன படைவீரர்களின் கல்லறைக் கல்லில் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அரசு அனுமதித்தது 2007-இல்தான். அதற்கும் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. ஒருவர் தம் நெறியை வெளியில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரது உரிமை, அவருக்குப் பதிலாக இன்னொருவர் அதைச் செய்யக்கூடாது என்பது இரண்டு கூட்டத்தாரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஒரே மரியாதை என்று சொல்லலாம். அந்த ஒன்றைத்தான் மென்பொருள் முதல் நிமிடத்தில் மீறியது. பெயர் தெரிந்த மாத்திரத்தில் ஒரு பெண் கேமராவை அணைத்துவிட்டு வெளியேறினார். அவர் பிறகு வரவே இல்லை. நடத்துபவர்கள் மறுநாள் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். ஆனால் அன்றைய ஒளிப்பதிவு, பெயர்களோடு சேர்த்து, மூன்று நாட்கள் உறுப்பினர்களின் பக்கத்தில் கிடந்தது.

வணக்கம் சொல்வதில் எழுந்த சிக்கல் அதைவிடச் சிறியது, ஆனால் நாளுக்கு நாள் வளர்ந்தது. குரோலி நிறுவிய தெலீமா நெறியினர் ஒருவர் உரையாடல் அறையில் ‘93’ என்று எழுதித் தொடங்குவார். கிரேக்க எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் சித்தம் என்று பொருள்படும் தெலீமா என்ற சொல்லும், அன்பு என்று பொருள்படும் அகாப்பே என்ற சொல்லும் 93 ஆகும் என்பதால், அவர்களிடையே அதுவே வணக்கம். விக்காவினர் ‘அருள் பெருகுக’ என்ற பொருளில் ‘பிளெஸ்ஸட் பீ’ என்பார்கள். வட ஐரோப்பியத் தெய்வங்களை வழிபடும் ஹீதன்கள் ‘ஹெயில்’ என்பார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தம் வழக்கப்படி பதில் வணக்கம் சொன்னால் போதும். நேரில் கூடும் இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இங்கோ, வரவேற்புக் கடிதத்தில் “நம் வட்டத்தின் வணக்கம் பிளெஸ்ஸட் பீ” என்று நடத்துபவர்கள் எழுதிவிட்டார்கள். அது விக்காவின் தீட்சைச் சடங்கிலிருந்து வந்த சொல். தம்மை ஒருபோதும் விக்காவினர் என்று கருதாத ஹீதன்களும் கிரேக்க வழிபாட்டாளர்களும், தங்கள் வீட்டு வாசலில் வேறொருவர் பெயர்ப்பலகையை மாட்டியதைப் போல உணர்ந்தார்கள். பேகன் என்றால் விக்கா என்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் இந்தச் சேவை முழுவதிலும் ஊடுருவியிருக்கிறது. நினைவூட்டல்கள் விக்காவினரின் எட்டுப் பண்டிகைகளை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பின. எட்டையும் கொண்டாடாதவர்கள் பாதிப் பேர். அதிலும் அக்டோபர் 31-ஆம் தேதி சௌவின் பண்டிகைக்கு, அதாவது குளிர்காலத்தின் வாசலில் முன்னோரை நினைக்கும் நாளுக்கு, ஆஸ்திரேலியாவில் நல்ல வசந்தத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் வாழ்த்து போயிற்று. அவர்கள் அந்தப் பண்டிகையை ஆறு மாதம் முன்னதாகவே முடித்திருந்தார்கள்.

வரவேற்புப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மெழுகுவர்த்தியும் குறிப்பேடும் தரமானவை. கூடவே ஒரு கட்டு வெள்ளைச் சேஜ் இலையும் இருந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் பாஹா கலிஃபோர்னியாவிலும் இயற்கையாக வளரும் அந்தச் செடி, அங்குள்ள பூர்வகுடிகளின் சடங்குகளுக்கு உரியது. சந்தைத் தேவை பெருகியதால் காடுகளில் திருட்டுத்தனமாக அறுக்கப்படுவது. 1978-இல் அதற்கென ஒரு சட்டம் வரும்வரை தங்கள் சடங்குகளைத் தங்கள் மண்ணிலேயே தடையின்றிச் செய்ய முடியாமல் இருந்தவர்களின் பொருளை, கேட்காமல் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பக்கூடாது. புகை போட ரோஸ்மேரி போதும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று வாரங்களும் ஒவ்வொரு சந்திப்பையும் ஐங்கோண நட்சத்திரச் சிறு விலக்கல் சடங்கோடு தொடங்கினார்கள். நான்கு திசைகளிலும் காற்றில் நட்சத்திரம் வரைந்து, எபிரேய மொழியில் நான்கு இறைப் பெயர்களை முழங்கி, ரஃபேல், கேப்ரியேல், மைக்கேல், யூரியேல் என்ற நான்கு தலைமைத் தூதர்களை நிறுத்துவது அந்தச் சடங்கு. கோல்டன் டான் மரபில் வந்தவர்களுக்கு இது பல் துலக்குவதைப் போன்ற அன்றாடக் கடமை. இடத்தைத் துப்புரவாக்குவது, அவ்வளவுதான். ஆகவே எந்த மதத்தையும் சாராத பொதுச் சடங்கு என்றே நடத்துபவர்கள் இதை மனமார நம்பினார்கள். கிறித்தவச் சூழலிலிருந்து வேதனையோடு வெளியேறிப் பேகன் நெறிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கேட்பதே நெஞ்சை அடைத்தது என்பது ஒரு புறம். மறுபுறம் இருந்த மனத்தாங்கலை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

கிரேக்கத் தெய்வமான ஹெகேட்டியை வழிபடும் ஒரு மூத்த உறுப்பினர் அதை எங்களுக்கு விளக்கினார். அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு சிறு மாடம் தெரியும். அதில் எப்போதும் ஒரு விளக்கு எரியும். ஒவ்வொரு சந்திர மாத முடிவிலும், நிலா மறைந்த இரவில், பழைய ஏதென்ஸில் முச்சந்திகளில் வைத்ததைப் போலவே ஹெகேட்டிக்கு உணவு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருபவர். மூன்றாவது வாரம் விலக்கல் சடங்கு தொடங்கியதும் அவர் கையை உயர்த்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் இந்த அறையில் தனியாக இல்லை. பதினைந்து வருடமாக அழைத்து அமர்த்தி வைத்திருக்கும் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். உங்கள் சடங்கு அவரையும் சேர்த்துத்தான் வெளியே போகச் சொல்கிறது.” சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சடங்கைச் செய்துகொண்டிருந்தவர், காற்றில் பாதி வரைந்த நட்சத்திரத்தோடு கையை அப்படியே நிறுத்தியிருந்தார். அந்தச் சடங்கு அப்படிச் செய்வதில்லை என்று அவர் தம் மரபின்படி விளக்கம் சொல்லியிருக்க முடியும். அதற்கு நூல் ஆதாரமும் உண்டு. அவர் சொல்லவில்லை. கையைக் கீழே இறக்கி, “தெரியாமல் செய்துவிட்டேன்” என்றார். பதின்மூன்று வாரங்களில் நான் கண்ட நல்ல நடத்தைகளில் அதை முதலில் வைப்பேன். நான்காவது வாரத்திலிருந்து எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டு அவரவர் இடத்தில் அவரவர் முறைப்படி தொடங்கிக்கொள்வது என்று மாற்றினார்கள். ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஹெகேட்டியை வழிபடும் அந்தப் பெண்மணிக்கும் கேயாஸ் மேஜிக் பயிலும் ஓர் இளைஞருக்கும் இடையே ஐந்தாவது வாரம் மூண்ட சண்டைதான் வட்டத்தையே உடைத்துவிடும் போலிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பீட்டர் கரோல், ரே ஷெர்வின் ஆகியோர் உருவாக்கிய கேயாஸ் மேஜிக்கில், நம்பிக்கை என்பதே ஒரு கருவி. ஒரு வேலைக்கு எந்தத் தெய்வம் பொருந்துமோ அந்தத் தெய்வத்தை அந்த வேலை முடியும்வரை முழு மனதோடு நம்பலாம்; முடிந்ததும் இறக்கி வைத்துவிடலாம்; கதைப்புத்தகப் பாத்திரத்தைக்கூட அழைக்கலாம். அந்த இளைஞர் உரையாடல் அறையில், வழக்கு ஒன்றுக்காக ஹெகேட்டியை ஒரு வாரம் ‘பயன்படுத்தினேன்’, நல்ல பலன் கிடைத்தது, இனி வேறொன்றை முயல்வேன் என்று எழுதினார். அவர் மரபில் அது பணிவான, நேர்மையான குறிப்பு: செய்தது இன்னது, விளைந்தது இன்னது. படித்தவருக்கோ, தம் தாயை யாரோ ஒருவர் ஒரு வாரம் கூலிக்கு வைத்து வேலை வாங்கிவிட்டுக் கணக்குத் தீர்த்து அனுப்பியதாகச் சொன்னதைப் போல இருந்தது. தமிழில் வழிபடுவது, வேண்டுவது, ஏவுவது, வேலை வாங்குவது என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னாலே பேசுபவர் தெய்வத்துக்கு மேலே நிற்கிறாரா கீழே நிற்கிறாரா என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இந்தச் சமூகங்களின் ஆங்கிலத்தில் எல்லோரும் ‘சேர்ந்து வேலை செய்கிறேன்’ என்ற ஒரே தொடரைப் புழங்குகிறார்கள். பக்தரும் அதைத்தான் சொல்கிறார், பரிசோதனை செய்பவரும் அதைத்தான் சொல்கிறார். பல மாதங்கள் இருவரும் ஒன்றையே செய்வதாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் ஒரு வினைச்சொல் மாறியதும் வெடித்துவிடுகிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் ஒரே இரவில் குவிந்தன. தெய்வங்கள் மனத்தின் உருவகங்களே என்று ஒரு சாரார். தனித்து வாழும் ஆளுமைகள் என்று ஒரு சாரார். அந்த இளைஞரைத் தெய்வம் தண்டிக்கும் என்று சிலர் எழுதினார்கள். அவரை வெறும் விளையாட்டுப் பிள்ளை என்று இகழ்ந்தவர்களும் இருந்தார்கள். மட்டுறுத்துநர் இரண்டு பக்கத்தையும் மூன்று நாட்கள் பேசவிடாமல் பூட்டினார். அது எதையும் தீர்க்கவில்லை.

இதைப் போன்ற இன்னொரு மோதலின் அடி வேர் சபதம். கார்ட்னரின் வழியில் தீட்சை பெற்றவர்கள் தங்கள் சடங்கு ஏட்டை வெளியாரிடம் காட்டுவதில்லை என்று உறுதி எடுத்தவர்கள். கோல்டன் டான் பக்கத்திலோ, சடங்குகள் எப்போதோ வெளியேறிவிட்டன. குரோலி தம் இதழில் அவற்றை வெளியிட முனைந்தபோது 1910-இல் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான மேத்தர்ஸ் வழக்குத் தொடுத்தும் தடுக்க முடியவில்லை, 1937-இலிருந்து அதே மரபில் பயின்ற இஸ்ரேல் ரெகார்டி நான்கு தொகுதிகளாக அச்சிட்டுவிட்டார். அதனால் அந்த மரபில் வளர்ந்த ஒருவருக்கு மறைப்பது என்பதே வீண் பாசாங்காகத் தோன்றுகிறது. எட்டாவது வாரம் அப்படி ஒருவர், விக்கா ஏட்டின் பிரதி என்று சொல்லப்படும் ஒரு கோப்பை அறையில் இட்டு, தீட்சை பெற்ற உறுப்பினர் ஒருவரின் பெயரைக் குறித்து, “இது சரியான பிரதிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டார். கேட்டவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. அந்த வகை ஏடுகள் 1971-இலிருந்து அச்சிலும் கிடைக்கின்றன என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் சபதம் அந்தக் காகிதத்தைக் கட்டுவதில்லை. வாய் திறந்து உறுதி சொன்ன மனிதரைக் கட்டுகிறது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவர் சொல் தவறியவர் ஆகிறார். மௌனமாக இருந்தால் மமதை பிடித்தவர் ஆகிறார். ஒருவரை அந்த இக்கட்டில் நிறுத்துவதுதான் பிழை. படித்தவர் படித்ததைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், சபதம் செய்தவரிடம் சாட்சி கேட்காமல் இருந்தால் போதும். இதை வரவேற்புக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

அறநெறி விஷயத்திலும் அதே குழப்பம். “யாருக்கும் தீங்கில்லாதவரை உன் விருப்பம்போல் செய்” என்பது வாலியன்டே 1964-இல் பொதுவெளியில் சொன்ன விக்காவின் நெறிவாக்கு. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்பதும் அவர்களின் நம்பிக்கை. “உன் சித்தம் எதுவோ அதைச் செய், சட்டம் முழுவதும் அதுவே” என்பது 1904-இல் கெய்ரோவில் குரோலி எழுதி முடித்த நூலின் வாக்கு. இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால், முன்னதிலிருந்து ‘தீங்கு’ என்ற தடையைக் கழற்றிவிட்டால் பின்னது கிடைக்கும் என்று எண்ணி, தெலீமா நெறியினரைக் கட்டுப்பாடற்றவர்கள் என்று தூற்றுகிறார்கள். அவர்கள் சொல்லும் சித்தம் நினைத்ததைச் செய்யும் ஆசை அன்று. ஒருவர் பிறந்ததன் நோக்கம் எதுவோ அது, அதைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை என்கிறார்கள். மறுபக்கத்தில், சாபமிடுவதைப் பற்றிப் பேசிய ஒரு ரோமத் தெய்வ வழிபாட்டாளரிடம் மும்மடங்கு விதியைக் காட்டி ஒருவர் எச்சரித்தார். அதற்கு அவர் எழுதிய பதில் எனக்கு நினைவில் நிற்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிஸ் மினர்வாவின் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 130 சாபத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் திருட்டுக்கு எதிராக எழுதியவை. மேலாடையையும் கையுறையையும் பறிகொடுத்தவர்கள் திருடனைத் தண்டிக்கும்படி தெய்வத்திடமே முறையிட்டிருக்கிறார்கள். “என் நெறியில் அது நீதிமன்றம் போவதைப் போன்றது” என்றார். அவர் சாபமிட்டது சரியா என்பதைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. ஆனால் அவர் ஏற்காத விதியை வைத்து அவருக்குத் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் இடமில்லை.

சேவையின் ஆக மோசமான தருணம் ஒரு சிறப்பு விருந்தினரின் உரையில் வந்தது. ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று தொண்ணூறு லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்றும், விக்கா அவர்களிடமிருந்து அறுபடாமல் வந்தது என்றும் அவர் பேசினார். தொண்ணூறு லட்சம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் ஒரு சிறிய ஊரின் கணக்கை ஐரோப்பா முழுவதுக்கும் பெருக்கிச் சொன்ன எண். இன்றைய வரலாற்றாசிரியர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை என்கிறார்கள், அவர்களில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் தூக்கிலிட்டார்கள், எரிக்கவில்லை. அறுபடாத மரபு என்ற கதையை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் 1999-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு விக்காவினரில் பலரே கைவிட்டுவிட்டார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னவர் வெளியாள் அல்லர், தீட்சை பெற்ற விக்கா உறுப்பினரே. சொன்ன விதத்திலும் குறை காண முடியாது. மட்டுறுத்துநர், பிறர் நம்பிக்கையைப் புண்படுத்துவதாகச் சொல்லி அவர் ஒலியை அடைத்தார். நாற்பதாயிரம் பேரின் சாவு போதாது என்பதைப் போல எண்ணைப் பெருக்கிச் சொல்வது, இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒருவரின் தெய்வ அனுபவத்தைக் கேள்விக்குட்படுத்துவது வேறு, தவறான ஓர் எண்ணைத் திருத்துவது வேறு. இந்த வேறுபாடு தெரியாதவர் மட்டுறுத்துநராக இருக்கக்கூடாது என்று அன்றே எழுதி அனுப்பினேன்.

ஒன்பதாவது வாரம் அந்தப் பொறுப்புக்கு வேறொருவர் வந்தார். மதிப்பெண் என்று ஏதேனும் நான் கொடுப்பதாக இருந்தால் அத்தனையும் அவருக்குத்தான். ஹீதன் மரபிலிருந்து வந்தவர் அவர். அங்கே பழைய நூல்களில் ஆதாரம் இல்லாத தனி அனுபவத்தை, ‘சரிபார்க்கப்படாத தனி ஞானம்’ என்ற பொருளில், யு.பி.ஜி. என்று அடையாளமிட்டே பேசும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அவர் அதை விரித்து, வட்டத்துக்கு ஒரே ஒரு விதியை வைத்தார். எதைச் சொல்வதாக இருந்தாலும், அது எங்கிருந்து வருகிறது என்பதை முதல் சொல்லில் சொல்லிவிட வேண்டும். அதற்கு மூன்று அடையாளங்கள் தந்தார்; என் குறிப்பேட்டில் அவற்றை ஏடு, மரபு, அனுபவம் என்று தமிழில் குறித்துக்கொண்டேன். ஏடு என்று சொன்னால் எவரும் சரிபார்க்கலாம், திருத்தலாம். மரபு என்று சொன்னால் அந்த மரபில் இருப்பவர்களை மட்டும் அது கட்டும். மற்றவர்கள் விளக்கம் கேட்கலாம், மறுக்கத் தேவையில்லை. அனுபவம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதை வைத்து எவருக்கும் கட்டளை இடக்கூடாது.

இவ்வளவு எளிய ஒன்று இத்தனை வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினோராவது வாரம் அந்தக் கேயாஸ் மேஜிக் இளைஞர் மறுபடியும் ஹெகேட்டியைப் பற்றி எழுதினார். “அனுபவம்” என்று தொடங்கி, வழக்கு முடிந்த பிறகும் அந்த இருப்பு தம்மை விட்டுப் போகவில்லை, இறக்கி வைக்க முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அந்த மூத்த பெண்மணி மறுநாள்தான் பதில் எழுதினார். முதலில் “ஏடு” என்று போட்டு, மாத முடிவில் வைக்கும் உணவைப் பற்றிப் பழைய கிரேக்க ஆசிரியர்கள் சொன்னவற்றை நான்கு வரியில் தந்தார். அடுத்து “மரபு” என்று போட்டு, தம் கூட்டத்தார் இன்று அதை எப்படிச் செய்கிறார்கள் என்றார். மூன்றாவதாக “அனுபவம்” என்று போட்டு, “எனக்கும் முதலில் வேறொரு காரியத்துக்காகத்தான் வந்தாள்” என்று ஒரே வரி. தெய்வங்கள் உருவகமா ஆளுமையா என்ற கேள்வியை இருவரும் தொடவே இல்லை.

எல்லாச் சண்டைகளையும் இந்த முறை தீர்க்காது என்பதையும் சொல்லவேண்டும். வம்சாவளியைக் காட்டி வட ஐரோப்பியத் தெய்வங்கள் வெள்ளையருக்கு மட்டுமே உரியவர்கள் என்று சொல்பவர்கள் ஹீதன் பக்கத்தில் ஒரு சிறு பிரிவினர். 2016-இல் பல ஹீதன் அமைப்புகள் சேர்ந்து அவர்களோடு உறவு இல்லை என்று அறிக்கை வெளியிட்டன. அத்தகைய ஒருவர் பத்தாவது வாரம் தம் கருத்தை “மரபு” என்ற அடையாளத்தோடு எழுதியபோது, புதிய மட்டுறுத்துநர் விவாதிக்காமல் அவரை வெளியேற்றி, ஏன் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் எல்லோருக்கும் எழுதினார். அவர் தம் மரபைச் சேர்ந்தவரையே வெளியேற்றினார் என்பதால் அந்த முடிவை எவரும் கட்சி கட்டிப் பார்க்கவில்லை.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே நெறியில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு இந்த வட்டம் ஏற்றதன்று; அவரவர் மரபுக்குள்ளேயே அதைவிட நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பங்காளி வீட்டில் என்ன நடக்கிறது, அவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு, அந்த மட்டுறுத்துநர் பொறுப்பில் இருக்கும்வரை இதைத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: யார் மட்டுறுத்துவது, ஒளிப்பதிவு யாருக்குக் கிடைக்கும், தொடக்கச் சடங்கு எந்த மரபுடையது.

நான் அடுத்த சுற்றுக்கும் பதிவு செய்திருக்கிறேன். என் கடிதத்துக்கு நடத்துபவர்கள் பதில் எழுதினார்கள். நினைவூட்டல்களில் இனி அவரவர் அரைக்கோளத்தையும், எந்தப் பண்டிகைகள் வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பெட்டியில் சேஜ் இருக்காது. வரவேற்புக் கடிதத்திலிருந்து பொது வணக்கத்தை எடுத்துவிட்டார்கள். பெயர் விஷயம் மட்டும் மென்பொருளின் கையில் இருப்பதால் இன்னும் மாறவில்லை என்கிறார்கள். ஆகவே, முதல் சந்திப்புக்கு ஒரு நாள் முன்னதாகவே கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, ‘காட்டப்படும் பெயர்’ என்ற இடத்தில் நீங்கள் அழைக்கப்பட விரும்பும் பெயரை எழுதிச் சேமித்துவிட்டு, கேமராவை அணைத்த நிலையில் உள்ளே நுழைந்து, உங்கள் சதுரத்துக்குக் கீழே என்ன தெரிகிறது என்று பார்த்த பிறகு முகத்தைக் காட்டுங்கள்.